மூன்றாவது சிலிண்டரின் சுவர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும் சுகிர்தாவுடையது. சிப்காட் தொழிற்பேட்டைக்கு வெளியே ஒரு பட்டறையில் போரிங் மெஷின் ஓட்டுகிறார். அதாவது, என்ஜின் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் வேலை. முதல் வரைவில் அந்த வேலையை ஓர் ஆணுக்குக் கொடுத்திருந்தேன். படித்துக் காட்டியதும் கேட்டார்: "ஏன், என் கையில மெஷின் ஓடாதா?"

அந்த வரைவை அடித்துவிட்டேன்.

2

ஜோசப்புக்குச் சிறு வயதிலிருந்தே வேகத்தின் மீது–

[இல்லை. அவருக்குக் கார் ரேஸ் ஆசை வந்தது முப்பத்தெட்டு வயதில். ஏன் என்று சுகிர்தாவுக்கும் தெரியாதாம்.]

ஜோசப், சுகிர்தாவின் கணவர். தொழிற்சாலை ஃபிட்டர். பழைய கார் ஒன்றை வாங்கி, ரேசுக்காக அதன் 1300 சிசி என்ஜினைப் பெரிதாக்கப் பார்த்தார். சிலிண்டரின் விட்டம் 74 மில்லிமீட்டர். 76 ஆக்கினால் 1370 சிசி. அந்த அளவுக்குப் பிஸ்டன்களையும் வரவழைத்துவிட்டார். கடைவதற்கு மனைவியைத் தவிர யாரையும் நம்பவில்லை.

(அகலமாக்குவது என்றால் சுவரைத் தின்பது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. இதை நான் இத்தனை வயதில்தான் தெரிந்துகொண்டேன்.)

3

கடைவதற்கு முன் சுகிர்தா மீட்டர் வைத்துச் சுவர்களின் தடிமனை அளந்தார். மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ஒரு பக்கம் மெல்லிசு. ஜோசப்பிடம் சொல்லவில்லை. நான்கு சிலிண்டர்களையும் 75இல் நிறுத்திவிட்டார்.

ஏன் சொல்லவில்லை? அவர் மனத்துக்குள் புகுந்து ஒரு பத்தி எழுதினேன். பொய்யாக இருந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "சொன்னா, அந்தாளு பேசியே ஒத்துக்க வெச்சிடுவாரு. வண்டியில குந்தப்போறது அவருதானே?"

4

பிஸ்டன் உள்ளே இறங்கவில்லை.

"இன்னா சுகி, எழுபத்தாறு போடச் சொன்னா இன்னா போட்டுக்கினு வந்துகிற?"

"எழுபத்தஞ்சு. மூணாவது சுவரு மெல்லிசா கீது. விரிசல் வுட்டுடும்."

"அந்தாண்ட துரு புடிச்சிருந்தா மீட்டரே தப்பா காட்டும்."

"காட்டலாம்."

"என்னாண்ட கேட்டிருக்கணுமா இல்லியா?"

"கேட்டிருக்கணும்" என்றார் சுகிர்தா. "ஆனா மிச்சத்த நான் கடைய மாட்டேன்."

ஜோசப் ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. வேறு பட்டறைக்கும் கொண்டுபோகவில்லை. பத்தாம் நாள் 75 பிஸ்டனுக்குச் சொல்லிவிட்டார். அதற்குள் ரேஸ் முடிந்துபோனது.

5

அடுத்த ரேசில் 1334 சிசியோடு ஓட்டினார். இரண்டாம் இடம். முதல் இடம் அரை நொடியில் போனது.

முடிவு அ: 76 போட்டிருந்தால் ஜெயித்திருப்பார்.

முடிவு ஆ: 76 போட்டிருந்தால் பாதி ஓட்டத்தில் சுவர் விரிசல் விட்டு, புகையோடு–

(இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நம்பும்படி இருந்ததுதான் சிக்கல்.)

6

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜோசப் என்ஜினைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். மூன்றாவது சிலிண்டருக்கு நேராகச் சாக்பீஸ் கோடு.

"அறுத்துப் பாத்துடலாம் சுகி. உன் மீட்டர் கரெக்ட்டா, நான் கரெக்ட்டான்னு தெரிஞ்சிடும்."

"அறுத்தா அப்புறம் என்ஜின் ஏது?"

"தெரிஞ்சிடும் இல்ல?"

சுகிர்தா குந்தி, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் பாக்கணும்போலத்தான் கீது" என்றார் மெதுவாக.

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சிலிண்டருக்குள் விரல் விட்டுத் தடவினேன். வழவழவென்று இருந்தது; சுவர் எவ்வளவு தடிமன் என்று விரலுக்குத் தெரியவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன்.

ரம்பம் இன்னும் ஓடவில்லை. நீங்களாக இருந்தால் அறுப்பீர்களா?