சோத்துக்கைப் பக்கம்

கொமட் மறுபடியும் பேஸ்மென்றுக்குள் விழுந்துவிட்டது.

மிதுனன் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு இருந்தான். திரையில், நடுத்தட்டில், புது வாஷ்ரூமுக்குள் அவன் வைத்த கொமட்டைக் காணவில்லை. தேடிக்கொண்டு கீழ்த்தட்டுக்குப் போனால், முதல் நாளே வரைந்துவைத்த வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், கலியாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமாவைப்போல் அது தனியே குந்தியிருந்தது.

"இப்ப எங்கையடா நிக்குது?" சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"பேஸ்மென்றிலை."

"அது ஏன் எந்தநேரமும் அங்கை ஓடுது? மேலை கொண்டுவா. அப்பாவாலை படியிறங்க ஏலாது."

அம்மா ரதிக்குத் திரையில் இருக்கும் வீடும் தான் நிற்கும் வீடும் ஒன்றுதான். வோபர்னில் இருபது வருடமாக இருக்கும் வீடு. மேலே ஒரு வாஷ்ரூம், பேஸ்மென்றில் ஒரு வாஷ்ரூம், நடுவில் ஒன்றுமில்லை. நன்றாக நடக்கும் மனிதர்களுக்காக யாரோ கட்டியது.

அப்பா பத்மநாதன் பெப்ரவரியில் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தபோது விழுந்தார். பக்கவாதம். வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல் மட்டும் தப்பியது. அது, ஆமாம் என்பதற்கான 'ஓம்'. பசிக்கிறதா என்றாலும் ஓம், வலிக்கிறதா என்றாலும் ஓம், நீங்கள் யார் என்று டொக்டர் கேட்டபோதும் ஓம். இப்போது உடற்பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வீட்டுக்கு விடலாமா என்று முடிவு சொல்லவேண்டிய தெரப்பிஸ்ற், நடுத்தட்டில் அவர் தானாகப் போய்வரக்கூடிய வாஷ்ரூம் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பாள். சரியில்லையென்றால் ஒஷாவாவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டில் காலியாக இருக்கிறது. அங்கே தமிழ் பேச ஒருவருமில்லை. அப்பாவுக்கும் பேச அதிகமில்லைதான். என்றாலும்.

கட்டுவதற்கு, வீடு திருத்தும் வேலை செய்யும் எட்வேட் அண்ணை ஒத்துக்கொண்டார். முன்வாசலில் குளிர்க்கோட்டுகளும் அரிசி மூட்டையும் இருந்த குளோசெட் என்ற சுவர் அலுமாரியையும் சாப்பாட்டறையின் ஒரு மூலையையும் சேர்த்தால் போதும் என்றார். "ஆனால் படம் வேணும் தம்பி. படம் இல்லாமல் நான் ஆணி அடிக்கமாட்டன். பிறகு ஆரும் என்னைப் பேசக்கூடாது."

படம் மிதுனனின் பொறுப்பானது. அவன் கல்லூரியில் படிப்பது வேறு ஏதோ; ஆனால் ஒருமுறை வீட்டுப் பிரின்ரரை அணைத்துத் திரும்பப் போட்டு வேலைசெய்ய வைத்தவன் என்பதால் குடும்பத்தில் கணினி நிபுணன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த வீட்டு வடிவமைப்பு மென்பொருள் ஒன்றை இறக்கினான்.

முதல் நாள், வீட்டை அடிக்கணக்கில் அளந்துவிட்டு எண்களை அப்படியே அடித்தான். மென்பொருள் அவற்றை மீற்றர் என்று எடுத்துக்கொண்டது. அம்மா வந்து பார்த்து, "உதுக்குள்ளை ரெண்டு கலியாணம் வைக்கலாம்," என்றாள். அடுத்த நாள் சுவர் நான்கும் சரியாக நின்றன, ஆனால் தரைக்கு நிறம் ஏறவில்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு மூலையில் மயிரிழை இடைவெளி. மூலை சேராத அறையை அந்த மென்பொருள் அறை என்றே ஒத்துக்கொள்ளாது. இழுத்து ஒட்டினான், நிறம் ஏறியது. பெப்ரவரிக்குப் பிறகு அந்த வீட்டில் சரிவந்த முதல் காரியம் அது. மிதுனன் கதிரையைவிட்டு எழும்பாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் சொந்தத்துக்குள் பரவியது. அஜின்கோர்ட்டிலிருந்து, அதே மென்பொருளில் தன் சமையலறையை வரைந்துகொண்டிருந்த ஒன்றுவிட்ட தங்கை நிலாணி போன் எடுத்தாள்.

"அண்ணா, என்ர கிச்சின்லை பிறிட்ஜ் சுவருக்குள்ளை போயிட்டுது. லைக், முழுசா."

"முதல் அலகைப் பார், அடியோ மீற்றரோ எண்டு. பிறகு எந்தத் தட்டிலை நிக்கிறாய் எண்டு பார். சுவரிலை கைவைக்க முதல் ஒரு கொப்பி சேவ் பண்ணு. காணாமல் போற சாமான் எல்லாம் கீழ்த்தட்டிலைதான் கிடக்கும், பயப்பிடாதை."

"தாங்ஸ். பெரியப்பா எப்பிடி?"

"படம் கிட்டத்தட்ட முடிஞ்சுது," என்றான் மிதுனன்.

அப்பாவை அவன் கடைசியாகப் பார்த்தது அவர் விழுந்த முதல் கிழமையில். கட்டிலருகே போய் நின்றான். அப்பா அவன் முகத்தைப் பார்த்தார். உதடு அவன் பெயருக்குத் தயாராவதுபோல் குவிந்தது. வந்தது 'ஓம்'. அவன் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கு வீட்டில் வேலை வந்துவிட்டது. அம்மா தினமும் மத்தியானம் சோற்றுப் பெட்டியோடு பஸ் ஏறுவாள். "நீ வாறதெண்டால் பின்னேரம் வா," என்பாள். "சாப்பாட்டு நேரம் அவருக்குச் சரிவராது." பின்னேரங்களில் அவனுக்கு வகுப்பு இருந்தது. வகுப்பு இல்லாத பின்னேரங்களில் சுவர் இருந்தது.

கொமட்டை மேலே ஏற்றி, நடுத்தட்டோடு பூட்டி வைத்தான். சக்கர நாற்காலி திரும்ப இடம் விட்டான். கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்தான். கடைசியாக மிஞ்சியது கொமட்டுக்குப் பக்கத்தில் சுவரில் பூட்டும் கம்பி, பிடித்து எழும்புவதற்கு.

"அம்மா, கம்பி எந்தப் பக்கம்?"

"அவரைக் கேட்டனான். கையைத் தூக்கிக் காட்டினவர்." அவள் வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை. "சோத்துக்கைப் பக்கம் போடு."

இடம் வலம் என்பதை மிதுனன் இந்த வீட்டில் அப்படித்தான் படித்தான். வலக்கை சோத்துக்கை. மற்றக் கைக்கு வேறு உத்தியோகம். அந்தக் கையால் நீட்டினால் அப்பா பேனாகூட வாங்கமாட்டார். சின்ன வயதில் இடக்கையால் சிப்ஸ் எடுத்ததற்கே விரல் மொளியில் குட்டு விழுந்திருக்கிறது. ஆகவே கம்பியை வலப்பக்கச் சுவரில் வைத்தான். வைத்தபோது ஒரு சந்தேகம் வந்தது: அந்தக் கைதானே செத்துக் கிடக்கிறது? பிறகு தானே ஒரு நியாயமும் கண்டுபிடித்தான். விழுகிற பக்கத்துக்குத்தானே தாங்கு வேண்டும். அம்மா அங்கேயேதான் நின்றாள், அவன் கேட்கவில்லை. 'வலம்' என்று அம்புக்குறி போட்டு எட்வேட் அண்ணைக்கு அனுப்பினான்.

எட்வேட் அண்ணை வந்தார், தூசும் வந்தது. குழாய் ஏறியது, சுவர்ச் சட்டம் நின்றது. "டிறைவோல் அட்டையாலை சுவரை மூட முதல் உள்ளுக்கு மரப்பலகை இறுக்கவேணும்," என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். "இல்லாட்டிக் கம்பி மனுசனோடை சேர்ந்து கழண்டு வரும்." பலகையை அம்புக்குறி சொன்ன பக்கத்தில் இறுக்கினார்.

வியாழக்கிழமை காலை தெரப்பிஸ்ற் அம்மாவின் போனுக்கு அழைத்தாள். நாளைக்கு வருமுன் படத்தை ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்தால் நல்லது; மத்தியானம் மட்டும்தான் தனக்கு நேரம்.

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, "நீதான் அதைக் கொண்டுவரவேணும். எனக்கு உது திறக்கத் தெரியாது," என்றாள். "நான் முன்னுக்குப் போறன். நீ கொஞ்சம் பிந்தியே வா."

அவன் பிந்தவில்லை. அவன் நேரத்துக்குப் போன முதல் இடம் அதுவாக இருந்திருக்கும். அப்பாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. நேர்ஸ் யாரும் உள்ளே இருப்பார்களோ என்று கொஞ்சம் நின்றான். அம்மாவின் குரல் மட்டும் கேட்டதால் திரையை விலக்கினான்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடக்கையால்.

சோறும் பருப்பும். விரல்கள் சோற்றைச் சேர்க்கப் பழகாத விரல்கள். பாதி வாய்க்குப் போயிருந்தது, பாதி நெஞ்சில் விரித்த துவாயில் கிடந்தது. மகனைக் கண்டதும் அவர் கையை இழுத்து வெள்ளைப் போர்வைக்குள் ஒளித்தார். பருப்பின் மஞ்சள் நிறம் போர்வையில் மெல்லப் பரவியது.

பக்கத்துக் கட்டிலில் ஒருவருடைய தொலைக்காட்சியில் ஹொக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"உவன் மிதுனன்தானே," என்றாள் அம்மா, அப்பாவிடம். "எடுங்கோ கையை. சோத்துக்கையை ஒளிச்சுவைச்சால் எப்பிடிச் சாப்பிடுறது?"

மிதுனன் மடிக்கணினியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றான்.

"அம்மா. சோத்துக்கை எண்டு நீங்கள் சொன்னது..."

"உதுதான்." அவள் போர்வைக்குள்ளிருந்து இடக்கையை எடுத்து, விரல் விரலாகத் துடைத்தாள். "வேறை எது? எந்தக் கையாலை சோறு சாப்பிடுறாரோ, உது."

முதல் இரண்டு கிழமை அவர் சாப்பிட மறுத்ததை அவள் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. கரண்டியால் ஊட்டினால் வாயை மூடிக்கொண்டார். இடக்கையில் சோற்றை வைத்தால் கையை மூடிக்கொண்டார். ஒரு மத்தியானம் அவள் அந்தக் கையைப் பிடித்து, இனி இதுதான் உங்கடை சோத்துக்கை என்று சொல்லி, சுற்றிவரத் திரையை இழுத்துவிட்டாள். அன்றைக்குச் சாப்பிட்டார். அன்றிலிருந்து திரையும் இருந்தது, பெயரும் இருந்தது. பின்னேரம் வா என்று மகனுக்குச் சொன்னதும் அதனால்தான்.

மிதுனன் நடைவழிக்குப் போய் எட்வேட் அண்ணைக்குப் போன் அடித்தான்.

"அண்ணை, சுவரை மூடிப்போட்டியளோ?"

"மூடி, பூசி, நல்லா வந்திருக்கெண்டு பார்த்துக்கொண்டு நிக்கிறன். ஏன்?"

"கம்பி மற்றப் பக்கம்."

எட்வேட் அண்ணை மூச்சு விடுவது கேட்டது. "தம்பி, படத்திலை வலம் எண்டு இவ்வளவு பெரிய அம்புக்குறி."

"நான்தான் பிழையாப் போட்டனான். அவர் இடக்கையாலைதான் பிடிப்பார். இப்ப அதாலைதான் சாப்பிடுறவர். எனக்குத் தெரியாது."

"தெரியாதோ?"

"தெரியாது."

வேறு யாராவது என்றால் அவர் இன்னும் இரண்டு வார்த்தை கேட்டிருப்பார். "நீ அதிலை ஒரு பொத்தானை அமத்த எல்லாம் பழையபடி வரும்," என்றார். "எனக்கு அந்தப் பொத்தான் சுத்தியல். நாளைக்குத்தானே அவ வாறா? அப்ப போனை வை. உடைக்கவேணும்."

திரும்பி வந்தபோது தெரப்பிஸ்ற் இன்னும் வரவில்லை. மிதுனன் கட்டில் ஓரத்தில் இருந்து மடிக்கணினியைத் திறந்து, கம்பியை இடப்பக்கச் சுவருக்கு இழுத்தான். ஒரு கணம் வேலை. அப்பா சாய்ந்து பார்த்தார். கணினித் திரைக்குள் மென்பொருளின் ஒரு சின்ன மனித உருவம் வாசலால் வந்து, குளோசெட் இருந்த இடத்தில் நின்றது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியோ?" என்றாள் அம்மா. "நீயும் ஒரு வாய் எடு. கனக்கக் கிடக்கு."

அவன் வலக்கை கணினியில் இருந்தது. கண்ணும் கணினியில். மற்றக் கையை நீட்டிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பிடி சோறு எடுத்தான்.

விரல் மொளியில் குட்டு விழுந்தது. பலமான குட்டு இல்லை. பருப்பும் சோறும் ஒட்டிய குட்டு.

"கை," என்றார் அப்பா.

அம்மா பெட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்பாவும் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டவர்போல் இருந்தார். மிதுனன் சோற்றைப் போட்டுவிட்டுக் கணினியை மூடினான். வலக்கையால் எடுத்துச் சாப்பிட்டான். அப்பாவும் அவருடைய சோத்துக்கையால் சாப்பிட்டார். இந்தமுறை யாரும் திரையை இழுக்கவில்லை. தெரப்பிஸ்ற் வந்தபோது மூன்று பேருக்கும் கை எச்சில்.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். வெறும் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளித் திருப்பிப் பார்த்தாள். இடப்பக்கக் கம்பியில் தன் முழுப் பாரத்தோடு தொங்கிப் பார்த்தாள். பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. எட்வேட் அண்ணை பக்கத்தில் நின்று, தான் தொங்குவதுபோல் மூச்சைப் பிடித்தார். வலப்பக்கச் சுவருக்குள் முதல் வைத்த பலகையை அவர் கழற்றவில்லை. "கிடக்கட்டும்," என்று மிதுனனிடம் மட்டும் சொன்னார். "பிறகு எப்பவாவது தேவைப்பட்டால் சுவர் உடைக்கத் தேவையில்லை."

பதினொரு நாள் கழித்து அப்பா வந்தார்.

முன்வாசலால் வந்து, கோட்டைக் கழற்ற முன்னம், அவர் பார்த்த முதல் இடம் அந்த வாஷ்ரூம்தான். நாற்காலியை அவரே ஒற்றைக் கையாலும் ஒற்றைக் காலாலும் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். உதவிக்குப் போன அம்மாவை, கதவை இழுத்து மூடி வெளியே நிற்கவைத்தார்.

அம்மாவும் மிதுனனும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். நாற்காலியின் பிரேக் விழுந்தது. ஒரு செருப்பு உரசியது. பிறகு உலோகத்தில் மோதிரம் தட்டுகிற சத்தம். இடக்கையில்தான் அவர் மோதிரம் போடுவார். கம்பி ஒரு தடவை முனகியது. சுவர் அசையவில்லை. நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "இஞ்சாருங்கோ," என்றாள், கதவில் காதை வைத்து. "பிடி சரியான பக்கத்திலை இருக்கோ?"

"ஓம்," என்றார் அப்பா.