கார் டிக்கியில் ஓர் அடிக்கல்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. மந்திரி பதவியேற்ற நாள் முதல் கடைசி நாள் வரை அவருடைய காரை ஓட்டியவன் நான். அந்தக் காரின் ஸ்டியரிங் மீது சத்தியம். அதைப் பிடித்துப் பிடித்துத்தான் இந்த இரண்டு உள்ளங்கையும் காய்த்துப் போயிருக்கின்றன. நம்பாதவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

ஊரில் அவருக்கு மைக்செட் என்று பேர். அரசியலுக்கு வருமுன் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை தேர்தல் கூட்டத்தில் பேச வேண்டிய தலைவர் வரவில்லை. சனம் வெயிலில் காத்துக் கிடந்தது. இவர் மேடையேறி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். கூட்டம் கலையவில்லை. கை தட்டியது. அந்தத் தேர்தலில் பொய் கலக்காத பேச்சு அது ஒன்றுதான் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அடுத்த தேர்தலில் அவரையே நிறுத்தினார்கள். நகரசபை, சட்டசபை, பிறகு பொதுப்பணித்துறை மந்திரி. ஏணியில் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் லிஃப்டில் போனார்.

மந்திரியானதும் முதல் வேலையாக ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். நல்ல கருங்கல். மேலே கொட்டை எழுத்தில் அவர் பேர், கீழே ஊரும் தேதியும். கூட்டம் முடிந்து ஆள் நடமாட்டம் அடங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

"யோவ் டிரைவர், அந்தக் கல்லைப் பேத்து டிக்கியில போடு."

"ஐயா, இப்பத்தானே நட்டோம்?"

"கல்லு இருந்தா, பள்ளிக்கூடம் எங்கடான்னு கேப்பான். கல்லு இல்லேன்னா, நாம வந்தோமா வரலியான்னு அவனுக்கே சந்தேகம் வந்துரும்."

இதற்குத்தான் மூளை வேண்டும் என்பது.

அன்று முதல் அந்த ஒரே கல்தான். அடுத்த ஊருக்குப் போகுமுன் கல்வெட்டுக்காரர் ஊர்ப் பேரையும் தேதியையும் தேய்த்து அழித்துப் புதிதாக வெட்டிக் கொடுப்பார். மந்திரியின் பேர் மட்டும் அப்படியே இருக்கும். கல்லைப் படுக்கவைத்துத்தான் நாட்டுவோம், பெயர்க்க லேசு. தேய்க்கத் தேய்க்க நடுவில் குழி விழுந்தது. ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்தக் குழிக்குள்ளேயே அடங்கின. கடைசியில் கல் சிலேட்டுப் பலகை கனத்துக்கு வந்துவிட்டது. வெயிலில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற ஆளின் மூக்கு தெரியும்.

மந்திரி பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அவருடைய அக்கா. தாய் செத்தபின் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ஆற்றுக்கு அக்கரையில், பிறந்த ஊரிலேயே இருந்தார். ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் இக்கரையில். கடப்பதற்குப் படகு ஒன்றுதான். அக்கா தம்பியிடம் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. பாலம் மட்டும் கேட்டார். தம்பியும் தட்டாமல் தேர்தலுக்குத் தேர்தல் அடிக்கல் நாட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மழைக்காலத்தில் அக்காவின் ஒரே மகளுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆற்றில் வெள்ளம். படகுக்காரர் மாட்டேன் என்றார். பிறகு பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுத் துடுப்பை எடுத்தார். படகு நடு ஆற்றில் சுழன்றுகொண்டிருந்தபோதே தாயும் போய்விட்டாள், வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. மகளின் தலை அக்காவின் மடியில் இருந்தது. "திருப்புப்பா, வீட்டுக்குப் போகலாம்" என்றாராம்.

மந்திரி துக்கத்துக்கு வந்தார். உண்மையாகவே அழுதார், நான் பார்த்தேன். ஆனால் தேர்தல் பக்கத்தில் இருந்தது. இவ்வளவு கூட்டம் தானாகச் சேர்ந்திருக்கிறதே, வீணாக்குவானேன் என்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலத்துக்கு இன்னொரு தடவை அடிக்கல் நாட்டினார்.

வழக்கம்போலக் கடப்பாரையோடு நான் போனபோது, கல்லின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிங்க. கல்லை எடுக்கணும்."

"எதுக்குப்பா எடுக்கணும்? நட்டது முளைக்க வேணாமா?"

"ஐயாவுக்கு நாளைக்கு வேற ஊர்ல நிகழ்ச்சி இருக்கு."

"பாலம் வரட்டும், எந்திரிக்கிறேன். உங்க ஐயாகிட்ட போய்ச் சொல்லு."

எழுந்திருக்கவே இல்லை. அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். மழை பெய்தால் யாராவது குடை பிடித்தார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து கல்லின் குழி அவருக்குப் பொருத்தமாகிவிட்டது.

மாகாணமே ஸ்தம்பித்தது. கல் இல்லை, அதனால் விழா இல்லை. செயலாளர் பயந்து பயந்து கேட்டார்.

"ஐயா, வேற கல்லு ஒண்ணு வாங்கிடலாமே?"

"இந்தக் கல்லு வந்தப்புறம் நான் தோத்ததே இல்லய்யா. கல்லு மாறினா மந்திரியும் மாறிடுவான். பரவால்லியா உனக்கு?"

போதாக்குறைக்குத் தணிக்கைக்காரர்கள், ஏற்கனவே ஒரு கல் இருப்பில் உள்ளபோது இன்னொன்று வாங்க விதியில் இடமில்லை என்றார்கள். எந்த ஊரிலும் எதுவும் தொடங்கவில்லை. முன்பும் எதுவும் முடிந்ததில்லை என்பதால் சனங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மந்திரி மட்டும் இளைத்துப் போனார்.

வேறு வழியில்லாமல் தம் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். அவர்தான் காண்டிராக்டர்.

"ஒரு பாலம் வேணும். சீக்கிரமா வேணும்."

"நடக்குறதுக்கா மச்சான், பாக்குறதுக்கா?"

மந்திரி ஜன்னலைச் சாத்தினார். "அக்கா எந்திரிக்கிறதுக்கு" என்றார்.

பாலம் வளர்ந்தது. சிமெண்ட் மூட்டைகள் லாரி லாரியாக வந்தன. மூட்டைக்குள் மணல் இருந்தது. சிமெண்ட் போன இடத்தில் காண்டிராக்டருக்கு மாடி மேல் மாடி எழும்பியது. பாலத்தின் கைப்பிடியில் ஒரு காக்காய்கூட உட்காரவில்லை. வந்து வட்டமடித்துப் பார்த்துவிட்டுப் படகின் நுனியில் போய் உட்கார்ந்துகொள்ளும். காக்காய்க்கு இருக்கிற விவரம்.

திறப்பு விழா நாள் வந்தது. இக்கரையில் மேடை, பந்தல், ஒலிபெருக்கி, பத்திரிகைக்காரர்கள். அக்கரையில் ரிப்பன் வெட்டி, அக்காவின் கையைப் பிடித்து எழுப்பி, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவது என்று ஏற்பாடு. கையில் ஒரு கம்பியில்லா மைக்கோடு மந்திரி புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

அக்கா கல்லின் மேலிருந்து எங்களைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் துறையில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, பாலம் கட்டிட்டு எதுக்குடா படகுல வந்தே?"

மந்திரிக்கு முகம் வெளுத்துவிட்டது. என்ன செய்வது, அத்தனை பெரிய ஏற்பாட்டில் அந்த ஒன்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பாலத்தில் கால் வைக்கக் கூடாது என்பது எங்களுக்கு அவ்வளவு இயல்பாகிவிட்டிருந்தது.

"ரிப்பன் வெட்டாம நடக்கக் கூடாதுக்கா. அதான்."

"சரி. வெட்டு. வெட்டிட்டு நட."

சொன்ன சொல் தவறாமல் அக்கா எழுந்தார். முதுகு நிமிர நேரமாயிற்று. நான் கல்லைப் பெயர்த்து எடுத்தேன்.

"டிரைவர், நீ கல்லைத் தூக்கிட்டு முன்னால போ" என்றார் மந்திரி.

"அவன் பிள்ளைகுட்டிக்காரன்" என்றார் அக்கா. "உன் பேருதானே அதுல எழுதியிருக்கு? நீயே தூக்கு."

மந்திரி எதிர்க்கரை மேடையைப் பார்த்தார். அங்கே காண்டிராக்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாக் கேமராவும் இவர் பக்கம் திரும்பியிருந்தன. போகாவிட்டால் பதவி போய்விடும். அக்காவிடம் ஒரு சொல், "இது பாலம் இல்லக்கா" என்று சொல்லியிருக்கலாம். அவர் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். அக்காவும் அதற்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அந்தக் கண் அப்படித்தான் இருந்தது.

அவர் ரிப்பனை வெட்டினார். கல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நடந்தார்.

நடுப்பாலம் வரை போய்விட்டார். காலுக்குக் கீழே என்னவோ பொடிந்தது போலிருக்கிறது, நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"ஹலோ" என்றார். "ஹலோ..."

இரண்டு கரையிலும் அது கேட்டது. கூட்டம் கை தட்டியது. கைதட்டல் ஓயுமுன் பாலம் நடுவில் மடிந்து தண்ணீருக்குள் உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. மணல்தானே.

படகுக்காரர் ஓடினார். அக்கா இருந்த இடத்திலேயே நின்றார். கல் இருந்த பள்ளத்தில் அதற்குள் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது.

"அவனுக்கு நீச்சல் தெரியாது" என்றார். "சின்னதுல ஆத்துப் பக்கமே நான் விட்டதில்ல."

அதன்பின் அக்கா யாரோடும் பேசவில்லை. உடல் கிடைத்தது. கல் கிடைக்கவில்லை.

அடுத்து வந்த மந்திரி அதே கரையில் புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். பளபளவென்று புதுக் கல். அக்கா படகுத்துறையில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்து வரவில்லை. சாயங்காலம் அதைப் பெயர்த்து, படகில் இக்கரைக்குக் கொண்டுவந்து டிக்கியில் வைத்துக் காரைக் கிளப்பியவனும் நான்தான்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.