மேல்வீட்டு ஓட்டம்

"உங்க வீட்டுப் பாப்பா விளக்கு வைக்கிற நேரத்துல மட்டும் ஓடாம பாத்துக்கங்கக்கா. மக்ரிப் தொழ முடியல, தலைக்கு மேல தொம்மு தொம்முன்னு ஒரே ஆட்டம்!"

முதல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஷரீபா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொன்னது இரண்டாம் மாடி அனுசுயாவிடம். அவள் வீட்டில் குழந்தை ஏது? இருந்த ஒன்றையும் போன ஐப்பசியில் டெங்குக் காய்ச்சலுக்கு வாரிக் கொடுத்து, கொள்ளிடக் கரையில் புதைத்துவிட்டு வந்தவள் அவள். ஸ்ரீரங்கத்துத் தாயாரிடம் வேண்டிப் பெற்றதால் ரங்கநாயகி என்று பெயர். நாலு வயதுகூட முடியவில்லை.

பாவம், ஷரீபாவுக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்ததும், "யா அல்லாஹ், மன்னிச்சிருங்கக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அனுசுயா அழவில்லை. "நான் ஒருதடவை வந்து கேக்கட்டுமா?" என்றாள்.

கேட்டாள். சமையலறையிலிருந்து பால்கனி வரை, குதிகால் தரையில் மோத ஒரு ஓட்டம். திரும்பும் இடத்தில் ஒரு சறுக்கல். அச்சு அசல் அவள் பெண்ணேதான். மாடிக்குப் பறந்துபோய்க் கதவைத் திறந்தால் வெறும் டைல்ஸ் தரை, பொட்டுச் சத்தமில்லை. என்ன கொடுமை பாருங்கள், சொந்த வீட்டில் கேட்காதது அடுத்தவர் வீட்டில் கேட்டது! அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் போதும், விளக்கேற்றிய கையோடு அனுசுயா கீழே இறங்கிவிடுவாள். ஷரீபா தொழுகையை உள்ளறைக்கு மாற்றிக்கொண்டு ஹாலை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். மகராசி, ஒருநாள் முகம் சுளித்ததில்லை. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அனுசுயா மீதி நாளெல்லாம் குளித்தாள், சாப்பிட்டாள், தலைவாரினாள்.

புருஷன் சுரேஷ்குமாருக்கு விஷயம் எட்டியபோது அவன் கத்தவில்லை. நேரே சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போய் லேமினேட் பலகைக்குச் சொல்லிவிட்டு வந்தான். டைல்ஸ் மேல் முதலில் தடித்த ஃபோம் ஷீட், அதன் மேல் பலகை. கீழ்வீட்டுக்கு ஒரு சத்தம் இறங்காதாம்.

"அந்த ஃபோம் மட்டும் வேணாங்க" என்று பலகை பதிக்க வந்த அற்புதசாமியிடம் கெஞ்சினாள் அனுசுயா.

"அது இல்லேன்னா பலகை ஆடும்மா. நடக்க நடக்க டொக்கு டொக்குன்னு சத்தம் வரும்."

"வரட்டுமே!"

அற்புதசாமி சுரேஷ்குமாரைப் பார்த்தார். "போடுங்க" என்றான் அவன். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பாமலே, "உன்னையும் அவகூட அனுப்ப என்னால முடியாது, அனு" என்றான். அந்தச் சாம்பல் நிற ஷீட் மூலைக்கு மூலை விரிவதை அனுசுயா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் கீழ்வீட்டு ஹாலில் இரண்டு பெண்களும் அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிவாசல் பாங்கு முடிந்தது. ஒன்றுமில்லை. ஃபேனை நிறுத்திப் பார்த்தார்கள். ஊகூம். அனுசுயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இனிமே உன்னை எங்கடி போயித் தேடுவேன்!"

அப்போது ஷரீபா வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள்.

மெதுவான தட்டு. தாழ்ப்பாளுக்கு வெகு கீழே, காலிங்பெல்லுக்கு எட்டாத ஒரு கை தட்டுகிற உயரத்தில்.

ஷரீபாவின் முகம் வெளுத்தது. "அக்கா... உங்களைத் தேடித்தான் வந்திருக்கு" என்று எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

ஏங்கி ஏங்கிக் கிடந்தவள் பாய்ந்துபோய்த் திறந்திருக்க வேண்டாமா? ஆனால் கதவிடுக்கு வழியாக ஈர மண் வாடை வந்தது. தான் பெற்ற பெண்ணைப் பார்க்க அனுசுயாவுக்கே பயமாக இருந்தது. ஷரீபாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "திறக்காதீங்க" என்றாள். வெளியே கேட்கும்படி சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

தட்டுவது நின்றது.

சற்றுப் பொறுத்து வெளியே காலடிகள் கிளம்பின. மாடிப்படியில் ஃபோமும் இல்லை பலகையும் இல்லை. ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. ஓடவில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று நடந்தது. மேலே வீட்டுக்குப் போகவில்லை, கீழே தெருவுக்கு இறங்கிப் போனது.