இருபத்தோராவது நாள்

பதினாலு வருஷத்தில், இந்த வழக்கு வரும் வரை, நான் ஒரு தேதியைக்கூடத் தவறவிட்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். டாம்பா நகரக் கோர்ட்டில் கிளென் ஹாதவே என்ற வக்கீலுக்கு இருக்கிற நல்ல பெயரில் பாதி நான் குறித்த தேதிகளால் வந்தது. மனிதர் நன்றாகப் பேசுவார், ஜூரியைச் சிரிக்கவும் வைப்பார். ஆனால் எந்த மனு எந்த நாளுக்குள் போக வேண்டும் என்று கேட்டால் என் மேசைப் பக்கம் திரும்பி, "நொயேலியா?" என்பார். பாராலீகல் என்பது கார்டில் அச்சடித்திருக்கிற பெயர். செய்வது வக்கீல் குமாஸ்தா வேலை.

மூன்று வருஷமாக இந்த வேலையை விடாமலே சட்டம் படிக்கிறேன். வாரத்தில் மூன்று மாலை கணினியில் வகுப்பு, மாதம் ஒரு சனி ஞாயிறு நேரில். "உங்கள் வசதிக்கேற்ற படிப்பு" என்று கல்லூரி விளம்பரத்தில் ஒருத்தி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் படிப்பது சிக்னலில், கோர்ட் கவுன்டர் வரிசையில், சலவை மிஷின் சுற்றி முடிக்கிற முப்பத்தெட்டு நிமிஷத்தில். காலையில் கியூப ரொட்டியைக் காபியில் முக்கும்போதும் காதில் ஒரு பேராசிரியர் பேசிக்கொண்டிருப்பார். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் எங்கோ தாமதமாகிவிட்டது போலப் படபடக்கும்.

"உன்கிட்ட பேசணும்னா நானும் ஒரு பாடமா ரெக்கார்ட் பண்ணி அனுப்பணும் போல" என்பான் என் கணவன் ரெனே. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், பொறுமைசாலி. அந்தப் பொறுமையும் சில நாள் எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது.

மார்ச் மாதம் எர்லீன் டாக்கெட் எங்கள் ஆபீசுக்கு வந்தார். அறுபத்தெட்டு வயது. முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். வீட்டு வாசலில் ஒருவன் வந்து, உங்கள் வீடு எவ்வளவு பெறும் என்று இலவசமாகச் சொல்கிறோம், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று அட்டையை நீட்டியிருக்கிறான். இவரும் போட்டுவிட்டார். அது வீட்டை விற்கச் சம்மதிக்கும் ஒப்பந்தம். விற்க மாட்டேன் என்று சொன்னதும் அந்தக் கம்பெனி வழக்குப் போட்டது. சம்மன் கைக்கு வந்த அன்றே கோடாலிப் பிடி பிடித்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"இது ஜெயிக்கிற கேஸ், மிஸ் எர்லீன். கவலைப்படாம போங்க" என்றார் கிளென். அவர் சொன்னது சரிதான். பதில் மனுவை மட்டும் கெடுவுக்குள் போட்டால் போதும்.

எங்கள் ஆபீசில் கெடுவைக் கணக்குப் போட ஒரு மென்பொருள் இருக்கிறது. சம்மன் வந்த தேதியைக் கொடுத்தேன். இருபது நாள் என்று காட்டியது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

சிரித்ததற்குக் காரணம் முந்தின நாள் மாலை வகுப்பு. ஃபெடரல் கோர்ட், அதாவது மத்தியக் கோர்ட் நடைமுறை பற்றிய பாடம். பதில் மனுவுக்கு எத்தனை நாள் என்று பேராசிரியர் திடீரென்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார். இருபத்தொன்று, இன்ன விதி, இன்ன உட்பிரிவு என்று மூச்சு விடாமல் சொன்னேன். "பிரமாதம், மிஸஸ் கப்ரேரா. மத்தவங்களும் இப்படிப் படிச்சுட்டு வாங்க" என்றார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்களின் முகங்கள் திரை முழுக்க என்னைப் பார்த்தன. அந்தப் போதை மறுநாள் காலையிலும் இறங்கவில்லை. இந்த மிஷினுக்கு என்ன தெரியும் என்று இருபதை அழித்து இருபத்தொன்று போட்டேன். பக்கத்தில் குறிப்பு வேறு: "திருத்தியது நொ.க." அதற்குக் கீழே விதி எண்.

ஃபெடரல் கோர்ட்டில்தான் இருபத்தொன்று. எர்லீன் வழக்கு மாநிலக் கோர்ட்டில் இருந்தது. அங்கே இருபது. பதினாலு வருஷமாக என் பிறந்த நாளைப் போல எனக்குத் தெரிந்த எண் அது. ஒரு பாராட்டு அதைத் துடைத்துவிட்டது.

பதில் மனு மூன்று நாள் முன்பே தயார். நான்தான், நேரம் இருக்கிறதே என்று அடிக்குறிப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இருபத்தோராவது நாள் காலை பதினொரு மணிக்குத் தாக்கல் செய்தேன். எதிர்த்தரப்பு ஒன்பது மணிக்கே மனு கொடுத்து, பிரதிவாதி பதில் தரவில்லை என்று எக்ஸ்பார்ட்டி உத்தரவு வாங்கிவிட்டது. இனி அவர்கள் கேட்டதை அப்படியே தீர்ப்பாக வாங்கலாம். எர்லீன் வாயைத் திறக்காமலே வீட்டை இழப்பார்.

கிளென் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எக்ஸ்பார்ட்டிய ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம்" என்றார். "ஆபீஸ்ல நடந்த சின்னத் தப்புன்னா ஜட்ஜ் மன்னிப்பாங்க. ஃபைல் மாறிடுச்சு, டைப்பிங்ல பிழை, அந்த மாதிரி. சட்டம் தெரியாம செஞ்ச தப்புன்னா மன்னிக்க மாட்டாங்க. உனக்கே தெரியும்."

தெரியும். எங்கள் மாநிலத்தில் அப்படித்தான்.

அன்று அவரே உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டி என் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்தார். "கெடு நாட்களைப் பதிவு செய்கையில் 20 என்பதற்குப் பதிலாக 21 என்று கைத்தவறுதலாகத் தட்டச்சு செய்துவிட்டேன்." ஒரே வாக்கியம். பேனாவையும் நீட்டினார்.

"இப்படி நடக்கலையே, கிளென்."

"விரல் தப்பிடுச்சு. யாருக்குத் தெரியப் போகுது?"

"இருபதை அழிச்சிருக்கேன். பக்கத்துல விதி நம்பரோட குறிப்பு எழுதி வெச்சிருக்கேன். விரல் அவ்வளவு தூரமா தப்பும்?"

"அதை எவன் கேக்கப் போறான்? நொயேலியா, அந்தம்மாவுக்கு இருக்கறது அந்த ஒரு வீடு."

"பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன்."

சொல்லும்போது நிமிர்ந்துதான் சொன்னேன். உள்ளே ஓடியது வேறு. படிப்பு முடிந்து வக்கீலாகப் பதிவு செய்யப் போனால், நம் நடத்தையைத் தோண்டித் துருவ ஒரு குழு இருக்கிறது. பதினெட்டு வயதிலிருந்து எல்லாம் கேட்பார்கள். பொய்ச் சத்தியம் ஒன்று வெளியே வந்தால் மூன்று வருஷப் படிப்பும் குப்பைத் தொட்டிக்குப் போகும். நான் அதை நினைத்துத்தான் நடுங்கினேன். உண்மையை நினைத்து அல்ல.

ரெனேயிடம் சொன்னேன்.

"கையெழுத்துப் போட்டா உன் படிப்புக்கு ஆபத்து. போடலைன்னா அந்தம்மா வீட்டுக்கு ஆபத்து. அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"அவங்ககிட்ட கிளென் பேசிட்டாரு. ஆபீஸ்ல ஒரு தப்பு நடந்துடுச்சு, சரி பண்ணிடுவோம்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்று எரிந்து விழுந்தேன். அவனும் விட்டுவிட்டான்.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வகுப்பு, பாராட்டு, அழித்தது, குறிப்பு எல்லாம். கிளென் படித்துவிட்டு, "கிறுக்குப் பிடிச்சிருக்கு உனக்கு" என்றார். ஆனாலும் பொய் என்று நான் சொன்ன பத்திரத்தைத் தாக்கல் செய்கிற ஆள் அவர் இல்லை. என்னுடையதையே போட்டார்.

விசாரணை ஒரு வியாழக்கிழமை. எர்லீன் முன்வரிசையில் சர்ச்சுக்குப் போகிற ஊதா நிறக் கோட்டுடன் உட்கார்ந்திருந்தார். நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். கம்பெனியின் வக்கீல் ப்ரெஸ்டன் வைல்ஸ், முப்பது வயதுகூட இருக்காது, தலைமுடியை நன்றாகப் படிய வாரியிருந்தான்.

"நீங்க சட்டம் படிக்கிறீங்க, இல்லையா?"

"ஆமா."

"எந்த வருஷம்?"

"மூணாவது."

"முதல் வருஷம் சிவில் நடைமுறைப் பாடத்துல என்ன கிரேடு வாங்கினீங்க?"

கிளென் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி லொரெய்ன் ஆபர் பதில் சொல்லச் சொன்னார்.

"ஏ" என்றேன்.

"அப்ப இது டைப்பிங் பிழை இல்ல, யுவர் ஆனர்" என்று அவன் திரும்பினான். "மிஷின் சரியான நாளைச் சொல்லுது. சட்டம் படிச்ச ஒருத்தர், விதியை ஆராய்ஞ்சு, மிஷினை மீறி ஒரு சட்ட முடிவு எடுத்திருக்காங்க. முடிவு தப்பு. அதுக்கு மன்னிப்புக் கிடையாது."

சட்டம் படிச்ச ஒருத்தர். என்னைப் பற்றி யாராவது இப்படிச் சொல்ல வேண்டும் என்று மூன்று வருஷம் ஏங்கியிருக்கிறேன். கடைசியில் சொன்னவன் எதிர்த்தரப்பு வக்கீல். அவன் சொன்னது நின்றால் எர்லீன் தெருவில் நிற்பார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மிஸஸ் கப்ரேரா, ஹாதவே ஆபீஸ்ல சட்டக் கேள்விகளுக்கு முடிவெடுக்கிற அதிகாரம் உங்களுக்கு இருக்கா?"

"இல்ல, யுவர் ஆனர்."

"விதிக்கு என்ன அர்த்தம்னு நீங்க சொன்னா அது செல்லுமா?"

"செல்லாது."

"அப்ப உங்க வேலைதான் என்ன?"

"தேதி குறிக்கிறது. ஃபைல் அடுக்கறது. நகல் எடுக்கறது. வக்கீல் சொன்னதைக் கொண்டுபோய்த் தாக்கல் பண்றது."

"நீங்க வக்கீலா?"

"இல்ல. குமாஸ்தா."

சுருக்கெழுத்துக்காரி அதையும் தட்டிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது, அதே சமயம் இன்னும் நூறு தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன் என்று தோன்றியது.

நீதிபதி கொஞ்ச நேரம் பத்திரத்தைப் புரட்டினார். "என்ன படிச்சிருந்தாலும் அந்த மேசையில இவங்க குமாஸ்தாதான். குமாஸ்தா தேதியைத் தப்பாப் போட்டிருக்காங்க. ஒரு நாள் தாமதம். எக்ஸ்பார்ட்டி ரத்து. திருத்திய பதில் மனுவுக்குப் பத்து நாள் தர்றேன்" என்றார். பிறகு கிளெனைப் பார்த்து, "விரல் தப்பிடுச்சுன்னு எழுதியிருந்தா இது ரெண்டு நிமிஷ வேலை. இன்னிக்கு முக்கால் மணி நேரம் எனக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னே தெரியல" என்று எழுந்து போனார்.

வெளியே தாழ்வாரத்தில் எர்லீன் எனக்காக நின்றுகொண்டிருந்தார். கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றி சொல்வார் என்றுகூட நினைத்தேன்.

"ரெண்டு நிமிஷ வேலைன்னாங்களே அந்த ஜட்ஜம்மா, நெசமா?"

"ஆமா, மிஸ் எர்லீன்."

"அப்ப ஏன் அப்படி எழுதலை?"

"பொய்ச் சத்தியம் ஆயிடும்."

"அது எனக்கும் தெரியும்மா. யாருக்காக எழுதலைன்னு கேக்கறேன்."

அன்றைக்கு எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தேன். இது ஒன்றுதான் பாக்கி. "எனக்காக" என்றேன். "பொய் சொல்லி மாட்டினா நான் வக்கீல் ஆக முடியாது."

"சரி. உன் லைசென்சுக்காக என் வீட்டை எடுத்து நடுவுல வெச்சிருக்கே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கலை."

"கேட்டிருந்தா பொய் சொல்லாதேன்னுதான் சொல்லியிருப்பேன். முப்பத்தோரு வருஷம் ஊரார் பிள்ளைகளை ஏத்தி இறக்கினவ நான், எனக்கு எது சரின்னு தெரியாதா? ஆனா கேட்டிருக்கணும்ல? வீடு என்னுதுல்ல?"

"உங்களோடதுதான். மன்னிச்சுக்கோங்க."

எர்லீன் கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் காலண்டரை எடுத்து ஜன்னல் திட்டில் விரித்து வைத்தார்.

"பத்து நாள்னாங்க. எண்ணு. என் முன்னாடி, சத்தமா."

ப்ரெஸ்டன் வைல்ஸ் பெட்டியை உருட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான். நான் விரலை வெள்ளிக்கிழமை மேல் வைத்து, ஒண்ணு என்றேன். சனி ரெண்டு, ஞாயிறு மூணு. அவர் உதடும் கூடவே அசைந்தது. பத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்தது.

"கடைசி நாள் லீவு நாள்ல விழுந்தா, விதிப்படி திங்கக்கிழமை வரைக்கும் நமக்கு டைம்" என்று சொல்லிவிட்டேன். வாய் அடங்கவில்லை.

எர்லீன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு முன்னாடி வர்ற வெள்ளி எத்தனாவது நாள்?"

"எட்டு."

"எட்டோட நிறுத்து" என்றார்.