மூடிய குறுக்குப்பாதை

அந்தத் தைலமரத் தோட்டத்தில் எந்தப் பகுதியை எப்போது வெட்டலாம், எங்கே ரம்பமே படக்கூடாது என்று சொல்வது சின்னவளின் வேலை. வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி அவளுடைய அண்ணன். வீட்டில் அவன் கூப்பிட்ட பெயர் வேலையிடத்திலும் ஒட்டிக்கொண்டது. மேலாளர்கூட "சின்னவளைக் கேளுங்க" என்றுதான் சொல்வார்.

"மரக் கம்பெனியில மரம் வெட்டாதேன்னு சொல்லிச் சம்பளம் வாங்குறவ நீ ஒருத்திதான்" என்று அண்ணன் அவளைக் கேலி செய்வான். ஆனால் அவள் கயிறு கட்டிய ஓடைக்கரையில் அவனுடைய ஆட்கள் ஒரு கிளையைக்கூட ஒடித்ததில்லை.

தோட்டத்தின் நடுவே விட்டுவைத்திருந்த இயற்கைக் காடு இரண்டு துண்டாகக் கிடந்தது. இடையில் தார்ச்சாலைக்குக் குறுக்குவழியாக ஓடிய லாரிப் பாதைதான் காரணம். மான்கள் அடிக்கடி அடிபட்டுச் செத்தன. பாதையை மூடிவிட்டால் காடு ஒன்றாகிவிடும், லாரிகள் மலையைச் சுற்றிப் போகட்டும் என்று சின்னவள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து சம்மதம் வாங்கினாள். பொக்லைன் ஓட்டுபவருக்குக் காய்ச்சல் வந்துவிட, அண்ணனே ஏறி உட்கார்ந்து பாதையைத் தோண்டிப்போட்டான்.

"இந்தா, உன் காட்டுக்குத் தையல் போட்டாச்சு" என்று இறங்கினான். கிளறிய மண்ணில் அவள் காட்டு மரக்கன்றுகளை நட்டாள். இரண்டு மழைக்காலத்தில் அவை இடுப்பளவு வளர்ந்தன.

அதன்பிறகுதான் அது நடந்தது. காற்று சுழன்றடித்த ஒரு காலையில், வெட்டிய மரமொன்று பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்டது. விடுவிக்கப் போன அண்ணன்மேல் அது புரண்டது. தொடை கிழிந்து ரத்தம் கொட்டியது.

அவனோடு மரம் அறுத்துக்கொண்டிருந்த ரம்பக்காரர் ஜீப்பை மருத்துவமனைக்கு விரட்டினார். பின்னிருக்கையில் சின்னவள் தன் துப்பட்டாவைக் காயத்தில் வைத்து, உடல் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எந்த வழியா போறோம்?" என்றான் அண்ணன்.

"குறுக்கு வழிதாண்ணா. இதோ, வந்தாச்சு."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "போடி... அதை நாந்தானே தோண்டிப்போட்டேன்."

குரலில் கோபமே இல்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட தங்கையைக் கிண்டலடிக்கிற அதே குரல். மலையைச் சுற்றி முடிப்பதற்குள் அவன் போய்விட்டான்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்று அவள் மருத்துவரைக் கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா" என்றார் அவர். பிழைத்திருப்பான் என்றோ பிழைத்திருக்க மாட்டான் என்றோ சொல்லியிருந்தால், அழுது தீர்க்கவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

அண்ணன், அண்ணி, சின்னவள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகு அண்ணி கேட்டாள்: "கடைசியா என்ன சொன்னாரு?"

உங்களைத்தான் கேட்டார் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சின்னவள் அதை விழுங்கிவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

அண்ணி, "உன்னைத் திட்டக்கூட எனக்கு வாய் வரல. ஆனா உன் முகத்தைப் பாத்துக்கிட்டு இந்த வீட்ல என்னால இருக்க முடியாது. வேற இடம் பாத்துக்கோ" என்றாள். சின்னவள் கம்பெனி குடியிருப்பில் ஓர் அறைக்குப் போனாள்.

பாதையைத் திறக்கச் சொல்லி ஆட்கள் கேட்டார்கள். மேலாளர் தயங்கினார். "இப்பதான் காடு ஒண்ணு சேர்ந்திருக்கு. சின்னவ ஒத்துக்க மாட்டாளே?"

"திறந்துடலாம் சார்" என்றாள் அவள். "ஒரு ஜீப் போற அகலம் போதும். லாரி கூடவே கூடாது. ரெண்டு முனையிலயும் கேட்டு போட்டு, சாவி வெட்டுற ஆளுங்ககிட்டயே இருக்கட்டும்."

"இதை அப்பவே செஞ்சிருக்கலாமேம்மா" என்றார் ரம்பக்காரர். குத்திக்காட்ட அவர் சொல்லவில்லை.

"ஆமா. செஞ்சிருக்கலாம்."

மண்ணைச் சமன்செய்ய பொக்லைன் வருவதற்கு முன், வழியில் நின்ற கன்றுகளை அவளே வேரோடு பெயர்த்து ஓரமாக நட்டாள். வளர்ந்த கன்றுகள் என்பதால் பாதிக்குமேல் பட்டுப்போயின.

பாதை திறந்த வாரத்தில் அண்ணி ஓர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். யாரோடும் பேசாமல் கேட்டைத் தாண்டி நடக்கத் தொடங்கினாள். சின்னவள் பின்னாலேயே போனாள். சேர்ந்து நடக்கத் துணிச்சல் வரவில்லை. வியர்வை அரும்புவதற்குள் மறுமுனை வந்துவிட்டது. கண்ணெதிரே தார்ச்சாலையில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன.

"இவ்வளவுதானா?" என்றாள் அண்ணி. "இவ்வளவு தூரம்தானா?"

அப்படியே மண்ணில் உட்கார்ந்து, முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். தோளைத் தொடப்போன சின்னவளின் கை பாதியிலேயே நின்றது. அழுது முடித்த அண்ணி புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். வந்த வழியே திரும்பாமல், சாலையில் வந்த பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.