தங்கப்பன் கொப்பளித்த தண்ணீர்

ஜெயபாய் பிளாஸ்கின் மூடியைத் திருகி உள்ளே பார்த்தாள். காலையில் திருவனந்தபுரத்திலிருந்து கொடுத்தனுப்பிய ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது.

கடல் கடந்து வந்த புளுக்காய்ச்சல், அந்த ஐம்பத்தேழாம் வருடத்து மழையோடு செங்கல் என்ற அந்த எல்லையோர ஊருக்குள்ளும் நுழைந்துவிட்டது. கிருமி எதுவென்று கண்டுபிடிக்க, காய்ச்சல் தொடங்கிய உடனே நோயாளி கொப்பளித்துத் துப்பும் தண்ணீர் வேண்டும்; அது கெடாமலிருக்கத்தான் ஐஸ். நர்ஸ் ஜெயபாய்க்கு அன்று கிடைத்த ஒரே புதுக்காய்ச்சல்காரன் தங்கப்பன்தான். அவனோ வாயைத் திறப்பதாயில்லை.

தமிழ் பேசும் ஊர்களை மதராஸோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் சிறைக்குப் போனவன் அவன். போன நவம்பரில் விளவங்கோடு மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டது. செங்கல் கேரளத்திலேயே நின்றுவிட்டது.

"எனக்க துப்பலு திருவந்தரத்துக்குப் போவாது, ஜெயபாயி."

"துப்பலுக்கு ஏதண்ணே கட்சி?"

"எனக்க துப்பலுக்கு உண்டு."

கட்டிலருகே அவன் மனைவி ஓமனா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறைமாதம். முந்தின வாரம்தான் அவளைப் போலவே ஒரு கர்ப்பிணியை இந்தக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. ஓமனாவை நிமிர்ந்து பார்க்க ஜெயபாய்க்குத் தைரியம் வரவில்லை.

"அண்ணே, குப்பியும் ஐசும்தான் திருவந்தரம் தருது. சோதிக்க அங்க வசதி இல்ல. இது ரயிலேறி நீலகிரியில உள்ள சோதனைக்கூடத்துக்குப் போவும். செலவு டெல்லிக்காரனுக்க செலவு. இதுக்கு அனுமதி கேட்டு ரெண்டு ராஜ்யத்துக்கும் தந்தி அடிச்சே எங்க டாக்டருக்குக் கை ஓஞ்சு போச்சு."

தங்கப்பன் முழங்கையை ஊன்றி எழுந்தான். "நீலகிரி மதராஸாக்குமே?"

"மதராஸுதான்."

"இத்தன பேரு ஜெயிலுக்குப் போயும் எங்க ஊரால மதராஸுக்குப் போவ முடியல்ல. எனக்க துப்பலு டிக்கெட் எடுத்துப் போவுதா?" சிரிப்பு இருமலாகி அவனை உலுக்கியது. ஓமனா முதுகைத் தடவினாள். இருமல் அடங்கியதும் அவனே கையை நீட்டினான். "தா."

கொப்பளித்துத் துப்பினான். ஜெயபாய் குப்பியில் காகிதம் ஒட்டி, பெயரையும் ஊரையும் எழுதி, தயங்கினாள்.

"ராஜ்யமும் எழுதணுமோ?" தங்கப்பன் கேட்டான்.

"எழுதணும், அண்ணே. வேண்டாம்ணா விட்டுருவேன்."

அவன் ஓமனாவின் வயிற்றைப் பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

"கேரளம்ணே எழுது, மக்கா. ஊரு தெரியாம மருந்து வேற எங்கயும் போயிரப்பிடாது."

ஜெயபாய் எழுதினாள்.