பளபளா தேய்த்த ஆமை

கடைக்காரர் வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று அவள் அரக்கப்பரக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யானை முடிந்தது, சிறுத்தை முடிந்தது, இருவாச்சிப் பறவையும் முடிந்தது. கடலாமைதான் படுத்தியது, ஓட்டின் வரிகளுக்குள் கறுப்பு அப்பிக் கிடந்தது. பழைய பிரஷ்ஷில் இன்னும் கொஞ்சம் பேஸ்ட்டைப் பிதுக்கினாள். நாட்டின் அரிய உயிர்களைப் பொறித்து அரசாங்கம் அவ்வப்போது வெளியிட்ட வெள்ளி நாணயங்கள் அவை. பேருந்து ஓட்டிய காலத்தில் அவள் கணவர் ஒவ்வொன்றாக வாங்கி, பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

அவளைத் தொட விட்டதே இல்லை. "கறுக்கலடி, நிறம் ஏறுது" என்பார். இவளுக்கோ வெள்ளி கறுத்தால் அது அழுக்குதான். அடிப்பிடித்த பாத்திரத்திலும் முகம் தெரியத் தேய்க்கிற கை. அதனால்தான் வீட்டில் அவளுக்குப் பளபளா என்று பெயர்.

இப்போது அவர் உள்ளறைக் கட்டிலில் கிடக்கிறார். வலது பக்கம் விழுந்துவிட்டது. கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு, சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் அடுத்த முறை ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விற்பதற்கு இவைதான் மிச்சம். நாணயக் கடைக்காரரைக் கூப்பிடச் சொன்னது அவரேதான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

வந்த கடைக்காரர் யானையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். சிறுத்தையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரும்மா இதைத் தேய்ச்சது?"

"ஏங்க, சரியா போகலையா? வேணா இன்னொரு தடவை..."

"ஐயோ, தொடாதீங்க! அந்தக் கறுப்புக்குத்தாம்மா வாங்குறவங்க அடிச்சுக்குவாங்க. இப்ப எல்லாம் கீறல். இனி இது வெறும் வெள்ளி. எடை போட்டுத்தான் எடுக்க முடியும்."

காலையிலிருந்து மூச்சுவிடாமல் கணவரின் உயிரையல்லவா உட்கார்ந்து தேய்த்திருக்கிறாள்.

உள்ளறையிலிருந்து கணவரின் குரல் குழறிக்கொண்டு வந்தது.

"நான்தாங்க... தேச்சேன். பளபளா மேல தப்பில்ல."

கடைக்காரர் திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தார். அந்த வலது கை, காலையில் அவள் மடக்கி வைத்த இடத்திலேயே, தலையணைமேல் கிடந்தது. கடைக்காரர் பைக்குள் கைவிட்டுத் தராசை எடுத்தார்.

ஆமை ஓட்டின் ஒரு வரியில் பேஸ்ட் இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. எடுத்துவிட அவள் விரல் தானாகப் போனது. பாதியில் நிறுத்தி, அந்தக் கையை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.